கண்டுபிடித்தவர் என்ற கட்டம்

கடலூர் மஞ்சக்குப்பத்தில் ஒரு மாடி அலுவலகத்தில் ஆறு வருடம் வேலை பார்த்தேன். கிளினிக்குகளுக்கு மென்பொருள் செய்து கொடுக்கிற சின்ன கம்பெனி. கூட்டிப் பெருக்க, டீ வாங்கிவர, தண்ணீர் கேன் தூக்கிவைக்க என்னைச் சேர்த்தார்கள். அதற்கு முன்னால் சிப்காட்டில் ஒரு தொழிற்சாலையில் ஒப்பந்த ஆளாக மூட்டை தூக்கிக்கொண்டிருந்தேன். மூச்சு வாங்க ஆரம்பித்ததும் விட்டுவிட்டேன். ஐந்தாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டவனுக்கு ஃபேனுக்குக் கீழே ஒரு வேலை கிடைத்ததே பெரிது என்றுதான் அப்போது நினைத்தேன்.

அங்கே எழுதுகிற மென்பொருளில் தப்பு இருக்கிறதா என்று பார்த்துச் சொல்ல ஒரு பெண் இருந்தாள். அந்த வேலைக்குப் பெயர் டெஸ்டிங். தப்புக்கு அவர்கள் வைத்த பெயர் பக். என்னை அண்ணே என்று கூப்பிடுவாள். ஒருநாள் மதியம் நான் கிளாஸ் கழுவிக்கொண்டிருந்தபோது வந்து நின்றாள்.

"அண்ணே, கையத் தொடச்சிக்கினு வாங்க. கம்ப்யூட்டர்ல உங்க பேரப் பதிவு பண்ணுங்க பாப்பம்."

"எனக்கு இன்னாம்மா தெரியும்?"

"தெரியாதுன்னுதான் கூப்புடுறேன். தெரிஞ்சவங்க எல்லாம் ஒரே மாதிரி அமுக்குறோம்."

கிளினிக்குக்கு வருகிறவர்களின் பெயரைப் பதிகிற பக்கம் அது. தமிழில்தான் இருந்தது. பெயர், வயது, போன் நம்பர், சாப்பிடுகிற மாத்திரை. ஒவ்வொரு எழுத்தாகத் தேடி என்னைப் பதிந்தேன். அதோடு எழுந்திருக்காமல் என் மனைவியையும் பதிந்தேன். பட்டனை அமுக்கியதும் என் பெயர் காணாமல் போய்விட்டது. அந்த இடத்தில் அவள் பெயர் உட்கார்ந்திருந்தது. என்னுடைய சர்க்கரை மாத்திரை மட்டும் அப்படியே இருந்தது, அவள் பெயருக்குக் கீழே.

"எதையோ ஒடச்சிட்டேன் போலருக்கும்மா" என்று எழுந்துவிட்டேன்.

அவள் குனிந்து பார்த்தாள். "எதுக்குண்ணே ரெண்டு பேருக்கும் ஒரே நம்பரு?"

"வூட்டுக்கு ஒரு போனுதான?"

அந்த அலுவலகத்தில் ஆளுக்கொரு போன் இருந்தது, சிலரிடம் இரண்டு. ஒரு நம்பர் என்றால் ஒரு ஆள் என்று வைத்துத்தான் அவர்கள் எல்லாவற்றையும் கட்டியிருந்தார்கள். எங்கள் தெருவில் மாமியார், மருமகள், பிள்ளைகள் எல்லாருக்கும் ஒரே நம்பர். அது அப்படியே கிளினிக்குக்குப் போயிருந்தால் மாமியாரின் மாத்திரையை மருமகளுக்குக் கொடுத்திருப்பார்கள். அலுவலகத்தில் இருந்த ஒன்பது பேரும் என் நாற்காலிக்குப் பின்னால் வந்து நின்றார்கள். "அண்ணன் வச்சாரு பாரு ஆப்பு" என்று ஒருவன் சொல்ல, எல்லாரும் சிரித்தார்கள். எனக்கு அது பிடித்திருந்தது. இல்லை என்று சொன்னால் பொய்.

அதற்குப் பிறகு டீ கொடுத்து முடித்ததும் என்னைக் கூப்பிடுவார்கள். முதலில் அரைமணி நேரம், போகப்போக அரைநாள். நான் பெரிதாக எதுவும் செய்யவில்லை. எங்கள் பக்கத்து ஜனங்கள் என்ன செய்வார்களோ அதைச் செய்தேன். பட்டன் உடனே வேலை செய்யாவிட்டால் மறுபடியும் அமுக்கினேன். பாதி பதியும்போது யாராவது கூப்பிட்டால் எழுந்து போய்விட்டுக் கால்மணி நேரம் கழித்து வந்தேன். வயது கேட்ட இடத்தில் ‘அம்பது இருக்கும்’ என்று எழுதினேன். அப்பா பெயர் கேட்ட இடத்தில் ஊர் பெயரைப் போட்டேன். ஒவ்வொன்றுக்கும் ஏதாவது ஒன்று உடைந்தது. உடைந்ததை ஒரு நீள நோட்டில் தேதி போட்டுத் தமிழில் எழுதிவைப்பேன். அவள் அதை இங்கிலீஷில் அடித்துக் கம்ப்யூட்டரில் இருக்கிற பக் பட்டியலில் ஏற்றுவாள்.

அந்தப் பட்டியலில் ஒவ்வொரு தப்புக்கும் எதிரில் ‘கண்டுபிடித்தவர்’ என்று ஒரு கட்டம் இருக்கும். அதில் நாமாக எதையும் அடிக்க முடியாது. அமுக்கினால் சில பெயர்கள் வரும், அதில் ஒன்றைத் தேர்ந்தெடுக்க வேண்டும். டெக்னிக்கல் வேலை என்று பதிவாகியிருக்கிறவர்களின் பெயர்தான் அதில் வரும். நான் பதிவாகியிருந்தது அலுவலக உதவியாளர் என்று. என் பெயர் வராது.

"என் பேர்லயே போட்டுக்கிறேண்ணே. தப்பா எடுத்துக்காதீங்க."

"அதனால இன்னாம்மா" என்றேன். எனக்கும் ஆசை இருந்ததை எனக்குள்ளேயே சொல்லிக்கொள்ளக் கூச்சமாக இருந்தது.

அவள் முதலில் ஜூனியர் டெஸ்டராக இருந்தாள். பிறகு டெஸ்டர், சீனியர் டெஸ்டர், கடைசியில் டெஸ்ட் லீட். ஒவ்வொரு முறையும் ஸ்வீட் கொடுப்பாள். கடைக்குப் போய் வாங்கி வருகிறவன் நான். லீட் ஆன அன்றைக்கு, ஸ்வீட் பெட்டியை நீட்டிக்கொண்டே கேட்டுவிட்டேன்.

"எனக்கும் ஏதாவது ஒரு பேரு போடுவாங்களாம்மா?"

"டைட்டில் எல்லாம் சும்மாண்ணே. அத யாரு பாக்குறா? வேலதான் பேசும்."

அவள் கழுத்தில் புது அடையாள அட்டை தொங்கிக்கொண்டிருந்தது. பதவிப் பெயர் முக்கியமில்லை என்று இதுவரை என்னிடம் நாலைந்து பேர் சொல்லியிருக்கிறார்கள். நாலைந்து பேருக்கும் பதவி இருந்தது.

திருவதிகையில் ஒரு கல்யாணத்தில் பந்திக்குக் காத்திருந்தபோது என் மச்சான் பக்கத்தில் இருந்தவரிடம் என்னைக் காட்டி, "எங்க மாமா கம்ப்யூட்டர் கம்பெனில இருக்காரு" என்றான்.

"பரவால்லியே. இன்னா வேல?"

"கம்ப்யூட்டர்ல தூசி தட்டுற வேல."

அவர்கள் சிரித்தார்கள், நானும் சிரித்தேன். டெஸ்டிங் என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். எந்தக் காகிதத்திலும் இல்லாததை வாயால் எப்படிச் சொல்வது?

பிறகு கம்பெனியை ஒரு சென்னைக்காரர் வாங்கினார். மஞ்சக்குப்பம் அலுவலகத்தை மூடப்போவதாகச் சொன்னார்கள். மற்ற எல்லாரும் சென்னைக்கு, நான் வீட்டுக்கு. அந்த வாரம் அவளே ஒரு தகவல் கொண்டுவந்தாள். சிதம்பரத்தில் இதே மாதிரி ஒரு கம்பெனி இருக்கிறது. கிராமத்து ஜனங்களைத் தெரிந்த டெஸ்டர் ஒருவர் வேண்டுமாம். படிப்பு கேட்கவில்லை. டெஸ்டிங் பார்த்த அனுபவம் உண்டு என்று பழைய கம்பெனியின் கடிதம் இருந்தால் போதும்.

"உங்களுக்குன்னே அளவெடுத்து தச்ச வேலண்ணே. சார்கிட்ட லெட்டர் மட்டும் கேட்டு வாங்கிடுங்க."

ஒரு வரி. அதுதான் எனக்கு வேண்டியிருந்தது. மூன்று நாள் கிளாஸ் கழுவும்போதெல்லாம் அதைச் சொல்லிப் பார்த்தேன். நாலாம் நாள் டீயோடு எங்கள் பழைய முதலாளி அறைக்குப் போனேன்.

"சார், லெட்டர்ல டெஸ்டிங் பாத்தேன்னு ஒரு வரி…"

"டெஸ்டிங்கா?" அவர் கோபப்படவில்லை. "நாளைக்கு அவுங்க என்கிட்ட ரெக்கார்டு கேட்டா இன்னாய்யா காட்டுவேன்? உன் பேர்ல ஒரு பக் கூட இல்லியே." திரையை என் பக்கம் திருப்பிக் காட்டினார். அவள் பெயரை அமுக்கினார். பட்டியல் கீழே கீழே ஓடிக்கொண்டே இருந்தது. எல்லாம் இங்கிலீஷில் இருந்தாலும், எதிரில் இருந்த தேதியை வைத்து என்னுடையவை பலவற்றை அடையாளம் தெரிந்துகொண்டேன். "அந்தப் பொண்ணு சொல்லட்டும். போட்டுத் தரேன்."

கூப்பிட்டார். அவள் வந்து கதவோரம் நின்றாள். முதலில் திரையைப் பார்த்தாள், அப்புறம்தான் என்னைப் பார்த்தாள்.

"அண்ணன் ஹெல்ப் பண்ணியிருக்காரு சார்."

"ஹெல்ப்புன்னா?"

"அப்பப்ப அமுக்கிப் பாப்பாரு."

அவளை லீடாகச் சென்னைக்குக் கொண்டுபோகிறதே அந்தப் பட்டியல்தான். அதில் பாதி வேறு ஒருவருடையது என்று அவள் எப்படிச் சொல்வாள்? அது எனக்குப் புரிந்தது. ஆனால் என் நோட்டுகள் இருந்தன. டீத்தூள் டப்பாவுக்குப் பக்கத்தில் ஆறு நோட்டு அடுக்கி வைத்திருந்தேன். பத்து அடி தூரம். எடுத்துவந்து மேசைமேல் வைத்திருந்தால் போதும்.

"சார், டீ ஆறிப்போச்சு. வேற கொண்டாரவா?" என்று கேட்டேன்.

அவளை மன்னித்துவிடலாம் என்று சில நாள் தோன்றும். அந்தக் கேள்வியைக் கேட்ட என்னை மன்னிக்க முடியவில்லை.

கடிதத்தில் ‘அலுவலக உதவியாளர், நேர்மையானவர், கடின உழைப்பாளி’ என்று இருந்தது.

அதோடுதான் சிதம்பரத்துக்கு பஸ் ஏறினேன். தெற்கு வீதிக்குப் பின்னால் ஒரு சந்தில் அந்தக் கம்பெனி. மேனேஜர் சின்ன வயதுக்காரர். கடிதத்தை இரண்டு முறை படித்தார்.

"டெஸ்டிங்குக்கா வந்தீங்க? இதுல வேற போட்டிருக்கே."

ஆறு நோட்டும் என் மடியில் மஞ்சப்பையில் இருந்தன. பையின் காதைப் பிடித்துக்கொண்டு, "தெரியல சார். போய்ப் பாருன்னு சொன்னாங்க" என்றேன்.

"எங்களுக்கும் ஆபீஸ் வேலைக்கு ஒரு ஆள் வேணும். வர்றீங்களா?"

சரி என்றேன். இப்போது தினமும் கடலூரிலிருந்து போய்வருகிறேன். அவர்கள் எடுத்த டெஸ்டர் டிகிரி படித்த பையன். அவனும் என்னை அண்ணே என்றுதான் கூப்பிடுகிறான், டீக்கு.

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் போன் வந்தது. மனைவிதான் எடுத்தாள். "உங்க கம்ப்யூட்டர் தங்கச்சி" என்று நீட்டினாள்.

"நல்லாருக்கீங்களாண்ணே? வூட்லேர்ந்தே டாக்டருக்கு டோக்கன் போடுற மாதிரி ஒண்ணு பண்ணிக்கினு இருக்கோம். லிங்க் அனுப்புறேன். உங்க ஸ்டைல்ல ஒருவாட்டி அமுக்கிப் பாருங்களேன். நாளைக்கு வெளிய வுடுறோம்."

பார்த்தேன். பட்டனை இரண்டு முறை அமுக்கினேன், ஒரே ஆளுக்கு இரண்டு டோக்கன் வந்தது. பாதியில் எழுந்து போய்ச் சாப்பிட்டுவிட்டு வந்தேன், நேற்றைய தேதிக்கு டோக்கன் கொடுத்தது. பழக்கதோஷத்தில் ஒரு நோட்டை எடுத்து இரண்டையும் எழுதினேன். சாயங்காலம் அவள் மறுபடியும் கூப்பிட்டாள்.

"எப்டிண்ணே இருக்கு?"

நோட்டு மடியில் திறந்திருந்தது.

"எல்லாம் சரியா இருக்கும்மா."

"நெசமாவா? உங்ககிட்ட ஒண்ணு கூட மாட்டலியா?"

"நான் ஆபீஸ் உதவியாளரும்மா. எனக்குத் தெரிஞ்சவரைக்கும் சரியா இருக்கு."

"சரிண்ணே" என்று வைத்துவிட்டாள். இத்தனை வருடத்தில் உடைந்த ஒன்றைச் சரி என்று நான் சொன்னது அதுதான் முதல் தடவை. சந்தோஷமாக இருக்கும் என்று நினைத்தேன். இல்லை.

மனைவி அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள். நோட்டைப் பார்த்திருக்கிறாள்.

"ஏன் பொய் சொன்னீங்க? நேத்து தேதிக்குப் போட்ட டோக்கன வச்சிக்கினு எவளோ ஒருத்தி கொழந்தையோட போய் நிக்கப்போறா. அவளா உங்க பேரப் போடாம வுட்டா?"

போன் என் கையில்தான் இருந்தது. சார்ஜ் நிறைய இருந்தது. எங்கள் வீட்டுக்கு இன்னும் அந்த ஒரு போன்தான். திரும்பக் கூப்பிடாமல் அதை மனைவியிடமே கொடுத்துவிட்டேன்.