கந்தாயத்துக்கு ஓர் அத்தை

இரண்டாயிரமாவது ஆண்டின் கோடை விடுமுறையில் எங்கள் வீட்டை அளந்தோம். ஆண்டை உறுதியாகச் சொல்ல முடிகிறது. வீட்டு வரியை வீட்டுக்காரரே கணக்கிட்டுக் கட்டலாம் என்ற முறை பெங்களூருக்கு வந்தது அப்போதுதான். மாதம் ஏப்ரலா மேயா என்பதில் எனக்கும் அம்மாவுக்கும் இன்றுவரை ஒத்துப்போகவில்லை.

அதற்கு முன்பெல்லாம் கந்தாயம் என்று நாங்கள் சொல்லும் அந்த வரி யாரோ வந்து பார்த்து ஒரு தொகையை எழுதிவிட்டுப் போவதும், அப்பா முணுமுணுத்துக்கொண்டே கட்டுவதுமாக இருந்தது. இப்போது வீட்டின் அளவு, கூரை, வயது, குடியிருப்பது யார் என்பதையெல்லாம் நாமே சொல்ல வேண்டும். லேத் பட்டறையில் நூலளவு பிசகாமல் இரும்பைக் கடைகிற அப்பா, தன் வீட்டைப் பற்றித் தன்னையே கேட்டதும் கலங்கிப்போனார். அம்மாவின் தம்பியை வரவழைத்தார். ஸ்ரீராம்புரத்தில் எந்த விண்ணப்பமும் தன் கை படாமல் ஆபீஸ் படியேறக் கூடாது என்று நினைப்பவர் என் மாமா.

டேப்பின் நுனியைப் பிடிப்பது என் வேலை. கூடம், சமையலறை முடிந்து, பின்னால் ஷீட் போட்ட ஒற்றை அறைக்குப் போனோம். அங்கே ஓர் ஆன்ட்டி குடியிருந்தார். திருவண்ணாமலைப் பக்கத்திலிருந்து வந்து கார்மென்ட்ஸில் தைப்பவர். கணவர் லாரியோடு போனால் வாரக்கணக்கில் வரமாட்டார். பள்ளி விட்டதும் நான் பெரும்பாலும் அந்த அறையில்தான் கிடப்பேன். டேப் தன் கட்டிலுக்கடியில் புகுந்ததைப் பார்த்து ஆன்ட்டி கேட்டார்: "என்ன சார், என்னையும் சேத்து வித்துடப் போறீங்களா?"

"கந்தாயம்மா. நாமளே அளந்து நாமளே எழுதணுமாம்" என்றார் அப்பா.

அன்று மாலை மாமா கணக்குப் போட்டார். நாமே இருக்கும் இடத்துக்கு ஒரு விகிதம், வாடகைக்கு விட்ட இடத்துக்கு அதைப் போல இரண்டு மடங்கு. "எதுக்கு மச்சான் வாடகைன்னு எழுதணும்? உங்க தங்கச்சின்னு சொல்லிட்டாப் போச்சு. தங்கச்சி வாடகையா குடுக்கும்?"

"செக்கிங் வந்தா?"

"குழந்தையை விட்டுச் சொல்லச் சொல்லுங்க. குழந்தை சொன்னா எவனும் மறு கேள்வி கேக்கமாட்டான்."

ஆன்ட்டி சிரித்துக்கொண்டே சம்மதித்தார். மறுநாளிலிருந்து அவர் எனக்கு அத்தை. பக்கத்து வீட்டுப் பிள்ளைகளுக்கெல்லாம் ஊருக்குப் போனால் அத்தை உண்டு. அப்பா ஒற்றைப் பிள்ளை. எனக்கு மட்டும் இல்லாதிருந்தது. ஆகவே செக்கிங்குக்கு வந்தவர் பின்னறையைக் காட்டிக் கன்னடத்தில் யார் என்று கேட்டபோது, நான் பொய் சொல்வதாக நினைக்கவே இல்லை. "அத்தே" என்றேன். அவர் என் கன்னத்தைத் தட்டிவிட்டுப் போனார். மாமா எனக்கு ஐஸ்கிரீம் வாங்கித் தந்தார்.

அத்தை அந்த உறவை விடவில்லை. 'சார்' அண்ணாவானார்; 'அக்கா' என்றழைக்கப்பட்ட அம்மா அண்ணியானார். தை பிறந்ததும் வாசலில் வந்து நின்று, "என்ன அண்ணா, தங்கச்சிக்குப் பொங்கல் சீர் இல்லையா? கந்தாயத்துக்கு மட்டுந்தான் தங்கச்சியா?" என்று கேட்டார். அப்பா சிரித்து மழுப்பினார். அம்மாதான் தட்டில் பழமும் கரும்பும் வைத்து, கத்தரிப்பூ நிறத்தில் ஒரு ரவிக்கைத் துணியும் வைத்துக் கொடுத்தாள். அத்தை அதைக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். ஒரு வேடிக்கைக்கு எதற்குக் கண்ணில் ஒற்ற வேண்டும் என்று எனக்குத் தோன்றியது.

மாசி வாக்கில் அவர் ரேஷன் கார்டுக்கு அலையத் தொடங்கினார். கார்டு இல்லாமல் ஸ்டவ்வுக்கு மண்ணெண்ணெயைக் கள்ள விலைக்கு வாங்கிக்கொண்டிருந்தார். ஆபீஸில் கேட்டது ஒன்றே ஒன்று: இன்னார் என் வீட்டில் வாடகைக்கு இருக்கிறார் என்று வீட்டுக்காரர் எழுதிய கடிதம், கூடவே கந்தாய ரசீதின் ஜெராக்ஸ்.

"எழுதிக் குடுத்துடுங்களேன்" என்றாள் அம்மா.

அப்பா மாமாவைப் பார்த்தார். "வாடகைக்கு யாருமே இல்லைன்னு கையெழுத்துப் போட்டிருக்கீங்க மச்சான். இப்ப இருக்காங்கன்னும் போடுவீங்களா?" என்றார் மாமா.

"அடுத்த வருஷம் மாத்தி எழுதிடலாம்மா. கொஞ்சம் பொறுத்துக்கோ" என்று அப்பா அத்தையிடம் சொன்னார். அதற்குப் பின் அவர் அந்தப் பேச்சை எடுத்ததாக எனக்கு நினைவில்லை. அப்பாவும் எடுக்கவில்லை.

பள்ளி திறந்த வாரத்தில், ஒரு ஞாயிற்றுக்கிழமை, அத்தையின் சாமான்கள் லக்கேஜ் ஆட்டோவில் ஏறின. ஹெப்பகோடியில் வீடு கிடைத்திருக்கிறதாம். அந்த வீட்டுக்காரர் கடிதம் தருகிறாராம். அத்தை வாசலில் நின்று, "வரேன் சார். வரேன்கா" என்றார். என் தலையைத் தடவிவிட்டு நடந்தார்.

காலியான அறைக்குள் ஓடிப் பார்த்தேன். அலமாரியில் கத்தரிப்பூ ரவிக்கைத் துணி மடிப்புக் கலையாமல் இருந்தது. மறந்துவிட்டார் என்று எடுத்துக்கொண்டு ஓடினேன். ஆட்டோ தெருமுனையில் திரும்பக் காத்திருந்தது. ஊருக்கெல்லாம் தைப்பவர் இதை இத்தனை மாதம் தைக்காமல் ஏன் வைத்திருந்தார் என்று அப்போது நான் யோசிக்கவில்லை.

அவர் துணியை வாங்கிப் பார்த்தார். மறுபடி என் கையில் வைத்து விரல்களை மூடினார். "இது உங்க அத்தைக்குக் குடுத்தது கண்ணு. அவங்க வந்தா குடு."

வீட்டுக்கு வந்து அப்பாவிடம் கேட்டேன்: "நமக்கு வேற அத்தை இருக்காங்களாப்பா?"

அப்பா என் கையிலிருந்த துணியைப் பார்த்தார். சட்டையை மாட்டிக்கொண்டு தெருமுனை வரை வேகமாகப் போய்விட்டுத் திரும்பி வந்தார். அடுத்த ஆண்டு, ஆளில்லாத அந்த அறையையும் சேர்த்து, நாமே குடியிருப்பதாகத்தான் எழுதினார். அப்போது அது உண்மை.

எனக்கு எல்லாம் சரியாகத்தான் பட்டது. அத்தை பொங்கலுக்கு வரப்போகிறார். வந்து வாசலில் நின்று சீர் கேட்கும்போது தேடிக்கொண்டிருக்கக் கூடாது என்று, துணியை என் பாவாடைகளுக்கு மேலாக, கைக்கு எட்டும்படி வைத்துக்கொண்டேன்.