போக ஒரு வயர், வர ஒரு வயர்

அரியலூர் பைபாஸில் எனக்கு ஆட்டோ எலக்ட்ரிக்கல் பட்டறை. சுண்ணாம்புக்கல் ஏற்றுகிற டிப்பர் லாரிகள்தான் எனக்குச் சோறு போடுகின்றன. ஹெட்லைட் எரியவில்லை, செல்ஃப் எடுக்கவில்லை, ஹாரன் தானாக அடிக்கிறது என்று வந்து நிற்பார்கள். புழுதியைத் தட்டிவிட்டு உள்ளே படுத்தால் வெளியே வரும்போது எனக்கே என்னை அடையாளம் தெரியாது. இந்த வேலையில் முடி நரைத்த பிறகு ஒரு விமானத்துக்கு வயரிங் செய்தேன். தொழிலுக்குப் புதிதாக வருகிறவர்கள், "பாய், ஏரோப்ளேனுக்கு வயரிங் பண்ணீங்களாமே, நெசமா?" என்று கேட்டுக்கொண்டே இருக்கிறார்கள். ஒரு தடவை எழுதி வைத்துவிட்டால் வாய் வலி மிச்சம்.

1. பாடியைத் தேடிய கதை

மாணிக்கம் சார் கப்பலில் இன்ஜினியராக இருந்து ரிட்டையர் ஆனவர். பெரம்பலூரிலிருந்து செட்டிகுளம் போகிற வழியில், வயலுக்கு நடுவே வீடு. அவருடைய காருக்கு நான்தான் வயரிங் பார்ப்பேன். ஒரு நாள் பட்டறைக்கு வந்து, "பாய், வீட்டுல ஒரு வண்டி இருக்கு. கொஞ்சம் வந்து பாருங்க" என்றார். டிராக்டர் என்று நினைத்துக்கொண்டு போனேன். வீட்டுக்குப் பின்னால் தகர ஷெட். உள்ளே இறக்கையைக் கழற்றிச் சுவரில் சாத்திய ஒரு வெள்ளை விமானம். இரண்டு பேர் உட்காரலாம். பாகம் பாகமாகப் பெட்டியில் வரவழைத்து, அவரே வருடக்கணக்கில் பூட்டிக்கொண்டிருக்கிறார்.

"இன்ஜின் எனக்குத் தெரியும் பாய். வயருன்னாதான் கை நடுங்குது. புக்கை நான் படிச்சுச் சொல்றேன், வேலையை நீங்க செய்யுங்க."

லாரிக்காரனுக்கு இது தேவையா என்று ஒரு மனது சொன்னது. ஆனால் அந்தச் சின்ன காக்பிட்டைப் பார்த்த பிறகு திரும்பிப் போக யாருக்கு மனசு வரும்? சட்டையைக் கழற்றி மாட்டிவிட்டு உள்ளே புகுந்தேன்.

எங்கள் தொழிலில் பாடி எர்த் என்று ஒன்று உண்டு. லாரியில் ஒரு பல்புக்கு ஒரு வயர் போதும். பேட்டரியிலிருந்து கரண்ட் அந்த வயரில் போகும், திரும்பி வருவதற்கு வண்டியின் இரும்பு உடம்பே வழி. எங்கேயாவது ஒரு போல்ட்டைச் சுரண்டி அதில் எர்த்தைப் பூட்டிவிடுவோம். எங்கள் வேலையில் பாதியைச் செய்வது அந்த இரும்புதான். பழக்க தோஷம், இங்கேயும் போல்ட்டைத் தேடித் துழாவினேன்.

"சார், பாடி எர்த் எங்க எடுக்கறது?"

"எந்த பாடில பாய்? இது பூரா ஃபைபர்."

தட்டிப் பார்த்தேன். டொக்கு டொக்கு என்றது. முன்னால் மீட்டர்கள் மாட்டுகிற பேனல் அலுமினியத் தகடு, அதைத் தாங்குகிற பட்டை மட்டும் இரும்பு. மற்றதெல்லாம் ஃபைபர். அதாவது வாலில் எரிகிற ஒரு சின்ன விளக்குக்குக்கூட, போக ஒரு வயர், திரும்பி வர ஒரு வயர். நான் போட்டு வைத்திருந்த கணக்கெல்லாம் அங்கேயே கவிழ்ந்துவிட்டது.

2. ஓரங்கட்ட இடமில்லை

லாரியில் வயர் அறுந்தால் இரண்டு முனையையும் சீவி, முறுக்கி, டேப் சுற்றிவிட்டுப் போய்க்கொண்டே இருப்போம். சார் அந்தப் பேச்சையே எடுக்க விடவில்லை. ஒவ்வொரு முனையிலும் லக் என்கிற செம்புக் கொண்டியை வைத்து, அதற்கென்று உள்ள கருவியால் நசுக்கி கிரிம்ப் செய்து, இழுத்துப் பார்த்து, மேலே பிளாஸ்டிக் ஸ்லீவ் போட்டுச் சூடு காட்ட வேண்டும். ஒரு இணைப்பு அவருக்குப் பிடிக்கவில்லை என்றால் வெட்டிப் போட்டுவிடுவார். எனக்குச் சுருக்கென்று கோபம் வரும்.

"சார், இதே மாதிரி போட்ட லாரிங்க இன்னிக்கும் ஓடிக்கிட்டிருக்கு."

"லாரியில புகை வந்தா என்ன பண்ணுவாங்க பாய்?"

"ஓரங்கட்டுவாங்க."

"மேல ஓரம் எங்க இருக்கு?"

வெட்டிப் போட்டதை ஒதுக்கிவிட்டுப் புது லக்கை எடுத்தேன். காம்பஸ் பக்கம் போகிற வயர்களைப் பற்றித்தான் புத்தகத்தில் இன்னும் கறாராக எழுதியிருந்தது. காம்பஸ் என்றால் திசை காட்டுகிற முள், பேனலுக்கு மேலே உட்கார்ந்திருக்கும். கரண்ட் ஓடுகிற வயர் அந்த முள்ளை இழுக்கும். போகிற வயரையும் வருகிற வயரையும் ஒன்றோடொன்று பின்னிவிட்டால் ஒன்றின் இழுப்பை மற்றது தீர்த்துவிடும். பேனலைத் தாங்குகிற இரும்புப் பட்டையின் இழுப்பைச் சார் காம்பஸிலேயே திருகிச் சரிக்கட்டியிருந்தார். அதற்கு மேல் அந்த இடத்தில் ஒரு இரும்பு ஸ்க்ரூகூடக் கூடாது, பித்தளைதான். அப்படியே செய்தேன்.

சாரின் மனைவி சரோஜா அம்மாவுக்கு இந்த விமானத்தைக் கண்டாலே ஆகாது. ஷெட் வாசலில் நின்றபடியே டீயைக் கொடுப்பார்.

"ஏன் பாய், நீங்க பாட்டுக்கு வயரை இழுத்துக் குடுத்துட்டா இவரு நெசமாவே ஏறிப் போயிடுவாரு போலருக்கே. கொஞ்சம் மெதுவாத்தான் செய்யுங்களேன்."

"நான் மெதுவாத்தாம்மா செய்யறேன். சார்தான் வெட்டி வெட்டிப் போடறாரு."

ஒரு நாள் வால் விளக்குக்கு இரட்டை வயர் இழுத்துக்கொண்டிருந்தேன். எதற்கு இரண்டு என்று அம்மா கேட்டார். சொன்னேன்.

"போறதுக்கு ஒண்ணு, வர்றதுக்கு ஒண்ணா?"

"ஆமாம்மா."

"அப்ப வர்றதுக்குப் போடறதை நல்லா இறுக்கிப் போடுங்க பாய்."

சிரித்துக்கொண்டேதான் சொன்னார். ஆனால் நான் அந்த வயரைப் பூட்டி முடிக்கும்வரை வாசலைவிட்டு நகரவில்லை.

வேலை முடிகிற சமயத்தில் ஒரு தடவை உள்ளேயே வந்து பேனலைத் தொட்டுப் பார்த்தார். "இது இரும்பு இல்லையா பாய்?" என்றார். அலுமினியம் என்றேன். "காந்தம் ஒட்டாதா?" என்றார். "ஒட்டாதும்மா, இரும்புலதான் ஒட்டும்" என்று சொல்லிவிட்டு என் பாட்டுக்கு ஸ்லீவைச் சூடு காட்டிக்கொண்டிருந்தேன். எதற்குக் கேட்கிறார் என்று கேட்கத் தோன்றவில்லை.

3. ஆபீசர் வந்த நாள்

விமானத்தைச் சோதித்துக் கையெழுத்துப் போடச் சென்னையிலிருந்து ஒரு ஆபீசர் வந்தார். ஒல்லியான மனிதர், அதிர்ந்து பேசமாட்டார். இன்ஜின், கட்டுப்பாடுகள், பிரேக் எல்லாவற்றையும் பார்த்தார். என் இணைப்புகளை ஒவ்வொன்றாக இழுத்துப் பார்த்து, "யார் பண்ணது?" என்றார். சார் என்னைக் காட்டினார். "சுத்தமா இருக்கு" என்றார். எனக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது.

கடைசியாகக் காம்பஸ். நெல் காயப்போடுகிற களத்தில் சுண்ணாம்பால் திசைகளைக் கோடு போட்டு வைத்திருந்தோம். விமானத்தை அதன் மேல் தள்ளி, வடக்கே மூக்கு இருக்கும்படி நிறுத்தினோம். முள் வடக்கைக் காட்டவில்லை. சரிந்துபோய் நின்றது. மேற்கே திருப்பினோம், அங்கேயும் தப்பு.

"வயரிங்தான். காம்பஸுக்குக் கீழதானே எல்லாம் போகுது?" என்றார் ஆபீசர்.

மாஸ்டர் சுவிட்சை அணைத்தேன். முள் அசையவில்லை. பேட்டரி வயரையே கழற்றினேன். அப்போதும் அசையவில்லை.

"கரண்டே இல்ல சார். இப்பவும் அப்படியேதான் நிக்குது."

அவர் குனிந்து பார்த்தார். "அப்ப கரண்ட் இல்ல, இரும்பு. உள்ள ஏதோ ஒரு ஸ்க்ரூ காந்தமாயிருக்கு. நீங்க போட்டதுதான் ஏதாச்சும் இருக்கும், பாருங்க."

"போன வாரம் நான் பாத்தப்ப சரியா இருந்துச்சே சார்" என்றார் மாணிக்கம் சார்.

"போன வாரம் நான் வரலையே."

அவரே தொடர்ந்து சொன்னார்: "நான் டவுன்ல சாப்பிட்டுட்டு வரேன். அதுக்குள்ள சரியாச்சுன்னா பாக்கறேன். இல்லேன்னா இப்படியே எழுதிட்டுப் போறதைத் தவிர வேற வழி இல்ல. ஒண்ணு சொல்லிடறேன். மாசக் கடைசியில நான் ரிட்டையர் ஆகுறேன். எனக்கப்புறம் வர்றவரு உங்க ஃபைலை மொதல் பக்கத்துலேர்ந்துதான் ஆரம்பிப்பாரு."

கார் போன பிறகு மாணிக்கம் சார் களத்து ஓரத்தில் ஒரு சாக்கின் மேல் உட்கார்ந்துவிட்டார். அவருக்கு வயது எழுபதை நெருங்குகிறது. மறுபடி முதல் பக்கத்திலிருந்து ஆரம்பித்தால், பறப்பதற்கு டாக்டர் சர்டிபிகேட் யார் கொடுப்பார்கள்? எனக்கும் தெரியும், அவருக்கும் தெரியும்.

காம்பஸைச் சுற்றியிருந்த ஸ்க்ரூக்களை ஒவ்வொன்றாகக் கழற்றிப் பார்த்தேன். பித்தளை, பித்தளை, பித்தளை. அவசரத்தில் ஒன்றை மாற்றிப் போட்டிருப்பேனோ என்று மறுபடி முதலிலிருந்து பார்த்தேன். ஒரு மனிதருடைய இத்தனை வருட உழைப்பு என் ஒரு ஸ்க்ரூவால் ஷெட்டிலேயே கிடந்துவிடுமோ என்று நினைத்தபோது எனக்கு அழுகையே வந்துவிட்டது. வெயிலில் வேர்வையும் கண்ணீரும் யாருக்கும் தெரியாது என்பது ஒரு சௌகரியம்.

4. மோர்ச் சொம்பு

சரோஜா அம்மா மோர் கொண்டுவந்தார்.

"என்னாச்சு? ஏன் இப்படி உக்காந்திருக்கீங்க?"

"ஒண்ணும் ஆகல" என்றார் சார், தலையைத் தூக்காமல். "இனிமே பறக்கறது இல்ல. உனக்கு நிம்மதிதான்."

அம்மா என்னைப் பார்த்தார். நான் சொன்னேன்: "உள்ள எங்கயோ காந்தம் மாதிரி ஏதோ இருக்கும்மா. அது திசை முள்ளை இழுக்குது. என்னன்னு தெரியல. அது கெடைக்கலேன்னா கையெழுத்து கெடையாது."

அம்மா சொம்பைக் கீழே வைத்தார்.

"சின்னக் காந்தம்கூட இழுக்குமா பாய்?"

"சட்டைப் பொத்தான் அளவு இருந்தாப் போதும்மா."

மோரை ஊற்றி எனக்கு ஒன்று, சாருக்கு ஒன்று கொடுத்தார். காலி டம்ளர்களை வாங்கிக்கொண்டு வீட்டுப் பக்கம் நடந்தார். பாதி தூரம் போய் நின்றார். அவர் நின்ற இடத்திலிருந்து அடுப்படிக்கு இன்னும் கொஞ்ச தூரம்தான். அப்படியே போயிருந்தால் அவர் ஆசைப்பட்டது நடந்திருக்கும். புருஷன் ஆயுசுக்கும் தரையில்தான் இருந்திருப்பார். யாரும் ஒரு குறை சொல்லியிருக்க முடியாது.

திரும்பி வந்தார்.

"பாய், அந்தத் தகட்டுக்குப் பின்னாடி ஒரு பட்டை இருக்குல்ல, அதுக்கு மேல கை விட்டுப் பாருங்க."

கையை விட்டேன். விரலில் ஏதோ தட்டுப்பட்டது. பிய்த்து எடுத்தேன். விரல் உயரத்துக்கு ஒரு முருகன். செட்டிகுளம் மலை முருகன், கையில் கரும்போடு நிற்கிறார். லாரி டேஷ்போர்டில் வைப்பார்களே, அடியில் காந்தம் பதித்தது, அதுதான். முன்பக்க அலுமினியத்தில் ஒட்டாததால் பின்னால் துழாவி, ஒட்டுகிற ஒரே இரும்பைக் கண்டுபிடித்து அதில் உட்கார வைத்திருக்கிறார். காம்பஸுக்கு நேர் கீழே!

மாணிக்கம் சார் எழுந்து நின்றார். "ஏன் சொல்லல?"

"சொன்னா வெக்க வுடுவீங்களா? வேணாம் வேணாம்னு எத்தனை வருஷமாச் சொல்லிப் பாத்தேன். நீங்க போகத்தான் போறீங்கன்னு தெரிஞ்சுபோச்சு. அப்ப துணைக்கு யாராச்சும் வேணாமா?"

சார் முருகனை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "அம்மா, வயரு மேல பழி வர வெச்சு என்னைக் கொன்னுட்டீங்களே!" என்றேன். மூவரும் சிரித்த சிரிப்பில் களத்தில் மேய்ந்த கோழிகள் ஓடிவிட்டன. சிரித்து முடித்ததும் சார் துண்டால் முகத்தை மூடிக்கொண்டு கொஞ்ச நேரம் திரும்பி நின்றார்.

ஆபீசர் வந்து முள்ளைப் பார்த்தார். வடக்கே வடக்கு, மேற்கே மேற்கு. நடந்ததைச் சொன்னோம். முருகனைக் கையில் வாங்கி, "கரும்பு வெச்சிருக்காரே, செட்டிகுளமா?" என்றார். பிறகு, "இவரை இப்ப என்ன பண்றதா உத்தேசம்?" என்றார்.

"காந்தத்தை எடுத்துட்டு, முன்னாடி எல்லாரும் பாக்கற மாதிரி பித்தளை ஸ்க்ரூ போட்டுப் பூட்டிடறேன் சார்" என்றேன்.

"நல்லா பூட்டுங்க. கழண்டு காலடியில விழக் கூடாது."

கை கால் கழுவிக்கொண்டு வந்து, அம்மா விரித்த துண்டின் மேல் முருகனைப் படுக்க வைத்து, அடியிலிருந்த காந்தத்தை நெம்பி எடுத்தேன். எத்தனையோ லாரிகளில் சாமியை ஒட்டியிருக்கிறேன். அடியைப் பெயர்த்தது அன்றைக்குத்தான். பூட்டிய பிறகு ஆபீசர் தானே அசைத்துப் பார்த்தார், முள்ளையும் இன்னொரு தடவை பார்த்தார். பேனாவைத் திறந்தார். அந்தப் பேனா காகிதத்தில் ஓடுகிற சத்தத்தைப் போல நிம்மதியான சத்தத்தை நான் கேட்டதில்லை.

5. ஓடுதளத்தில்

இறக்கைகளைக் கழற்றி லாரியில் ஏற்றி, தெற்கே ஒரு ஃப்ளையிங் கிளப் ஓடுதளத்துக்குக் கொண்டுபோய் மறுபடி பூட்டினோம். கிளப்பின் பயிற்சியாளர் முதலில் தனியாக ஓட்டிப் பார்த்துத் திருப்தியான பிறகு, சாரை ஏற்றிக்கொண்டார். நானும் அம்மாவும் வேலி ஓரம் நின்றோம். விமானம் ஓடியது, எழும்பியது, பனைமரத் தலைக்கு மேலே போய்ச் சின்னதாகிவிட்டது.

"பாய், எல்லா வயரையும் நல்லா முறுக்கித்தானே போட்டிருக்கீங்க?"

"முறுக்கலம்மா, கிரிம்ப் பண்ணியிருக்கேன்."

"என்னமோ ஒண்ணு. வர்ற வயரு?"

"ரெண்டு தடவை இழுத்துப் பாத்தேம்மா."

நான் ஓதத் தெரிந்ததையெல்லாம் ஓதினேன். அவர் முருகா முருகா என்று முணுமுணுத்தார். வானத்தில் ஒரு பெரிய வட்டம் போட்டுவிட்டு விமானம் கீழே வந்தது. சக்கரம் தரையைத் தொட்டு ஒரு குதி குதித்து ஓடி நின்றது. சார் கதவைத் திறந்து கையை ஆட்டினார். அம்மா கை ஆட்டவில்லை. அப்படியே தரையில் உட்கார்ந்து, "அப்பாடா" என்றார். நானும் பக்கத்தில் உட்கார்ந்துவிட்டேன்.

பிறகு முந்தானை முடிச்சை அவிழ்த்து அந்தக் காந்தத்தை எடுத்து என் கையில் வைத்தார்.

"இது உங்ககிட்டயே இருக்கட்டும் பாய். வூட்டுல இருந்தா மறுபடியும் எங்கயாச்சும் வெச்சுடுவேன்."

இப்போது அது என் பட்டறை மேஜைக் காலில் ஒட்டியிருக்கிறது. கீழே விழுந்த ஸ்க்ரூக்களைப் பொறுக்க உதவுகிறது. கோளாறு என்று எந்த வண்டி வந்தாலும் மீட்டரைக் கையில் எடுப்பதற்கு முன்னால், "வூட்டுல யாராச்சும் இதுல எதையாச்சும் வெச்சாங்களா?" என்று கேட்டுவிடுகிறேன். சிலருக்குக் கோபம் வருகிறது. பரவாயில்லை. லாரிகளில் இன்றைக்கும் பாடி எர்த்தைத்தான் எடுக்கிறேன். ஆனால் அந்த எர்த் போல்ட்டை முடுக்கிய பிறகு, இன்னொரு தடவை இழுத்துப் பார்க்காமல் எந்த வண்டியையும் வெளியே அனுப்புவதில்லை. கரண்ட் திரும்பி வருகிற வழி அது. அந்த வண்டிக்காகவும் ஏதோ ஒரு வீட்டில் ஒருவர் காத்திருப்பார்.