குறுக்கே போகாத தபாலக்கா

குறுகலான சந்து. இந்தப் பக்க வாசலில் ஒருத்தி, அந்தப் பக்க வாசலில் இன்னொருத்தி. காலை எட்டேகால் மணி. குழாயில் தண்ணீர் வராததைப் பற்றிச் சந்தின் குறுக்காகச் சத்தம் போட்டுப் பேசிக்கொண்டிருக்கிறார்கள். தபாலக்கா இரண்டு பேருக்கும் நான்கடி முன்னால் நின்றுவிட்டார். பேருந்து எட்டு இருபதுக்கு. நான்கே எட்டில் தாண்டிவிடலாம். தாண்டமாட்டார்.

“ஏங்க்கா நிக்கிறீங்க? போங்க, உங்களை யாரு பிடிச்சு வெச்சிருக்கா?”

“பேசிட்டிருக்கும்போது நடுவுல எப்படிம்மா போறது? நீ சொல்லி முடி.”

அவள் சொல்லி முடிப்பதற்குள் பேருந்து போய்விட்டது. தபாலக்காவுக்கு இதில் வருத்தமெல்லாம் இல்லை. இப்படி நடக்கும் என்று தெரிந்துதான் அடுத்த பேருந்தில் போனாலும் நேரத்துக்குப் போய்ச் சேரும்படி வீட்டை விட்டுக் கிளம்புகிறார்.

வீட்டிலும் இதே கதைதான். கணவர் கூடத்து நாற்காலியில், மகள் அறை வாசலில், இருவருக்கும் வாக்குவாதம். கையில் கொதிக்கும் பாத்திரத்தோடு வருவார் தபாலக்கா. நேரே போனால் ஆறடி. அவர் பின்கதவு வழியாக வெளியே போய், துணி காயும் கொடியைக் குனிந்து கடந்து, முன்வாசல் வழியாக உள்ளே வருவார். கணவருக்குச் சிரிப்பை அடக்க முடியாது. “இந்த வீட்டுல யாரு சபாநாயகர்னு சொல்லிட்டு அப்புறம் சுத்திப் போ” என்பார். “யாரா இருந்தாலும் நீங்க இல்ல” என்று பாத்திரத்தை இறக்கிவைப்பார் அக்கா.

அவரைச் சொல்லிக் குற்றமில்லை. சட்டசபையில் இருபத்திரண்டு வருடமாகச் சீட்டு கொண்டுபோய்க் கொடுப்பது அவர் வேலை. அங்கே ஓர் உறுப்பினர் எழுந்து பேசும்போது அவருக்கும் சபாநாயகருக்கும் நடுவில் யாரும் குறுக்கே போகக்கூடாது. முதலமைச்சரே ஆனாலும் சுற்றித்தான் போகவேண்டும். உறுப்பினர்கள் இதை அவ்வப்போது மறந்துபோவார்கள். தபாலக்காவுக்கு ரத்தத்தில் ஊறிவிட்டது. எந்த இருக்கையிலிருந்து யார் எழுந்தால் எந்தப் பாதை அடைபடும், எந்தப் பாதை திறக்கும் என்று அவருக்குத் தூக்கத்திலும் தெரியும்.

மண்டபத்தின் ஓரத்தில், முழங்கால் உயரத் தடுப்புக்குப் பின்னால் அதிகாரிகள் உட்கார்ந்திருப்பார்கள். கோப்பில் உள்ளதெல்லாம் அவர்களுக்குத்தான் தெரியும். ஆனால் அவையில் வாய் திறக்க அவர்களுக்கு உரிமை இல்லை. அமைச்சர் எழுந்து பதில் சொல்லத் தடுமாறினால், அதிகாரி ஒரு துண்டுச் சீட்டில் கிறுக்கி நான்காக மடித்து நீட்டுவார். அதைக் கொண்டுபோய் அமைச்சர் மேசையில் வைப்பவர் தபாலக்கா. தொலைபேசி அறையிலிருந்து உறுப்பினர்களின் வீட்டுச் செய்திகளும் வரும். சாவி யாரிடம், மாத்திரை சாப்பிட்டாயிற்றா, மாமனார் வந்திருக்கிறார், சீக்கிரம் வராமல் இருப்பது நல்லது. ஆளுங்கட்சி, எதிர்க்கட்சி என்று பார்க்காமல் எல்லாம் அக்காவின் பைக்குள்தான் போகும்.

ஒரு சீட்டையும் அவர் படித்ததில்லை. “படிக்கத் தெரியாம இல்ல. படிச்சா நம்ம மூஞ்சியில தெரிஞ்சிடும். மூஞ்சியில தெரிஞ்சா எதிர்வரிசை படிச்சிடும்” என்பார். மடித்திருக்கும் விதத்தை வைத்தே ஓரளவு சொல்லிவிடுவார் என்பது வேறு விஷயம். விளிம்போடு விளிம்பு சேர்ந்திருந்தால் சாதாரணச் செய்தி. கோணல்மாணலாக இருந்தால் அதிகாரிக்கு வியர்த்திருக்கிறது என்று அர்த்தம்.

ரப்பர் அடி வைத்த செருப்பு. தினமும் காலையில் வெளித்தாழ்வாரத்தில் பத்தடி நடந்து, கீச்சென்று சத்தம் வருகிறதா என்று பார்த்துக்கொள்வார். மழை நாளில் அடியைத் துடைக்கத் தனித் துணி உண்டு. அவைக்குள் முதுகை வளைத்து நடப்பார். பார்ப்பவர்கள் அதைப் பணிவு என்று நினைத்துக்கொள்கிறார்கள். “காமிராக்காரன் திட்டுவான், அதான்” என்பது அக்காவின் விளக்கம்.

சீருடைக் கோட்டில் இரண்டு பைகள். நூலகத்துப் பக்கக் கதவு வழியாக உள்ளே வந்தால் வலப்பக்கம் ஆளுங்கட்சி, இடப்பக்கம் எதிர்க்கட்சி. ஆகவே ஆளுங்கட்சிச் சீட்டு வலது பையில், எதிர்க்கட்சிச் சீட்டு இடது பையில். ஆட்சி இரண்டு முறை மாறிவிட்டது, பைகள் மாறவில்லை. அந்தந்தப் பக்கத்துக்கு அந்தந்தப் பை. சீட்டை ஒரு கையால் கொடுப்பார். இன்னொரு கை, கொடுக்காத பையின் வாயைப் பொத்திக்கொண்டிருக்கும். ஒரு துண்டு கீழே விழுந்து யார் காலடியிலாவது கிடந்துவிடக் கூடாது அல்லவா? அவருக்கு முன்னால் இந்த வேலையில் இருந்தவர் ஒரே ஒரு சீட்டை ஆள் மாற்றிக் கொடுத்து, அன்று சாயங்காலமே சீருடையைக் கழற்றிக் கொடுத்துவிட்டுப் போனவர். அவர் பெயர் வந்தால் தபாலக்கா பேச்சை மாற்றிவிடுவார்.

அப்படிப்பட்டவர் கோட்டைவிட்ட நாள் ஒன்று உண்டு. போன கூட்டத் தொடரில்.

அன்று நூலகத்துப் பக்கக் கதவின் கீல் தொங்கிவிட்டது. தச்சர் கதவைக் கழற்றிச் சுவரில் சாய்த்துவிட்டு, குறுக்கே ஏணியைப் போட்டிருந்தார். எல்லோரும் எதிர்ப்பக்கத்து உணவகக் கதவு வழியாக வரவேண்டியதாயிற்று. கேள்வி நேரம் தொடங்கி அரை மணி ஆகியிருக்கும். எதிர்க்கட்சியில் ஒருவர் இருக்கிறார், எப்போதும் தன் ஊர் ஆற்றுப்பாலத்தைப் பற்றியே கேட்பவர். பாலத்துக்காரர் என்றே அவருக்குப் பெயர் விழுந்துவிட்டது. அன்றும் அவருடைய கேள்விதான் அடுத்தது. பாலத்தின் உறுதியை ஆய்வு செய்தாகிவிட்டதா? அமைச்சரின் கையிலிருந்த காகிதத்தில் ‘ஆய்வு முடிந்தது’ என்று அச்சாகியிருந்தது.

கடைசி நேரத்தில்தான் அதிகாரிக்குத் தகவல் வந்தது, ஆய்வு முடியவே இல்லை என்று. ‘முடிந்ததாகச் சொல்லிவிட வேண்டாம். பாதிதான் ஆகியிருக்கிறது. தவறு எங்களுடையது’ என்று எழுதி, கோணல்மாணலாக மடித்துக் கொடுத்தார். அவையில் ஓர் அமைச்சர் பொய் சொன்னதாக ஆகிவிட்டால் அது லேசில் போகாது. தபாலக்கா அதை வலது பையில் போட்டார். அதே நேரம் தொலைபேசி அறையிலிருந்து பாலத்துக்காரருக்கு ஒரு சீட்டு வந்தது. அவருடைய மகள் விடியற்காலையிலிருந்து பிரசவ அறையில். மனிதர் காலையிலிருந்து மூன்று முறை ஆளனுப்பிக் கேட்டுவிட்டார். அது இடது பைக்குப் போயிற்று.

உணவகக் கதவு வழியாக உள்ளே வந்தார். அந்தக் கதவிலிருந்து பார்த்தால் வலப்பக்கம் எதிர்க்கட்சி. புத்திக்கு அது தெரியும். கைக்குத் தெரியாதே! வலப்பக்கம் வந்ததும் வலது பைக்குள் கை போயிற்று. எழுந்து கேள்வியைத் தொடங்கிக்கொண்டிருந்த பாலத்துக்காரரின் மேசையில் ஒரு சீட்டை வைத்தார். பிறகு கடைசி வரிசைக்குப் பின்னால் வளைந்து, சபாநாயகரின் ஆசனத்துக்குப் பின்னாலும் சுற்றி, எதிர்ப்பக்கம் அமைச்சரிடம் போய் இன்னொன்றைக் கொடுத்தார்.

அமைச்சர் பிரித்தார். ‘பெண் குழந்தை. இரண்டு பேரும் நலம்.’

அவர் தலையைத் தூக்கித் தபாலக்காவைப் பார்த்த பார்வையைச் சொல்லி முடியாது. அவருடைய மூத்த பையன் ஆறாம் வகுப்பு படிக்கிறான். “என்னம்மா இது?” என்று உதடு மட்டும் அசைந்தது.

அக்கா சட்டென்று திரும்பிப் பார்த்தார். பாலத்துக்காரர் பேசிக்கொண்டே தன் மேசைச் சீட்டை ஆவலோடு பிரித்துக்கொண்டிருந்தார். பிரித்தவர் பாதி வாக்கியத்தில் நின்றுவிட்டார்.

இனி அவர் எதுவும் செய்யத் தேவையில்லை. கேள்வியை முடித்துவிட்டு உட்கார்ந்தால் போதும். அமைச்சர் எழுந்து ‘ஆய்வு முடிந்தது’ என்பார். அந்தக் கணத்தில் சீட்டை உயர்த்திக் காட்டினால் அமைச்சரின் கதை முடிந்தது, அதிகாரியின் கதையும் முடிந்தது. சீட்டு எப்படி அங்கே வந்தது என்று யாராவது கேட்பார்கள். தபாலக்கா சாயங்காலம் சீருடையைக் கழற்றிக் கொடுக்கவேண்டியதுதான். எதிரே இருபது அடி. நேரே போனால் இருபதே அடி. ஆனால் பாலத்துக்காரர் இன்னும் எழுந்து நிற்கிறார், பேச்சு முடியவில்லை. குறுக்கே போக முடியாது. சுற்றிப் போவதற்குள் எல்லாம் நடந்து முடிந்துவிடும். முதுகை வளைத்தபடியே அக்கா அங்கேயே நின்றார்.

பாலத்துக்காரர் சீட்டிலிருந்து கண்ணை எடுத்தார். அமைச்சரைப் பார்த்தார். அமைச்சர் பக்கத்தில் வெளுத்துப்போய் நிற்கும் தபாலக்காவைப் பார்த்தார். பிறகு கேள்வியைப் பாதியில் விட்டுவிட்டு உட்கார்ந்துவிட்டார்.

“உறுப்பினர் கேள்வியை முடித்துவிட்டாரா?” என்றார் சபாநாயகர்.

“இல்லைங்க ஐயா. தொண்டை வறண்டுபோச்சு. கொஞ்சம் தண்ணி குடிச்சுக்கிறேன்.”

மேசையிலிருந்த டம்ளரை எடுத்துக் குடிக்கத் தொடங்கினார். நின்று பேசுபவர் யாரும் இல்லை, பாதை திறந்துவிட்டது. இருபத்திரண்டு வருடத்தில் முதல் முறையாகத் தபாலக்கா அவையின் நட்டநடுவில் நேராக நடந்தார். அமைச்சரின் கையிலிருந்து வாங்கிய சீட்டைப் பாலத்துக்காரரிடம் கொடுத்தார். அவர் ஒரு கையால் டம்ளரைப் பிடித்தபடியே, மறு கையால் மற்றதை மடித்து அக்காவின் உள்ளங்கையில் வைத்தார். அக்கா திரும்ப நடந்தார். அவர் அமைச்சரிடம் போய்ச் சேரும்வரை டம்ளர் கீழே இறங்கவில்லை. அதில் தண்ணீர் எப்போதோ தீர்ந்துவிட்டது என்பதைப் பக்கத்து இருக்கைக்காரர் மட்டும்தான் பார்த்தார்.

அதன் பிறகுதான் பாலத்துக்காரர் தன் சீட்டைப் பிரித்துப் பார்த்தார். ஒரு முறை கண்ணைத் துடைத்துக்கொண்டு எழுந்து கேள்வியை முழுசாகக் கேட்டார். குரல் கொஞ்சம் உடைந்திருந்தது. பாலத்தின் மேல் இவருக்கு இவ்வளவு பாசமா என்று மாடத்திலிருந்த பத்திரிகைக்காரர்கள் ஆச்சரியப்பட்டார்கள். அமைச்சர் எழுந்து, ஆய்வு இன்னும் முடியவில்லை, பத்து நாளில் முடித்து அறிக்கை வைக்கிறேன், அதுவரை லாரிகள் போகாது என்றார். எதிர்வரிசை கொஞ்ச நேரம் கத்தியது. சபை அடுத்த கேள்விக்குப் போயிற்று. அவைக்குறிப்பில் தண்ணீர் குடித்தது பற்றி ஒரு வரியும் இல்லை.

இடைவேளையில் தபாலக்கா தானாகவே போய் அதிகாரியின் முன்னால் நின்றார்.

“அம்மா, நான் எழுதினதை எத்தனை பேர் படிச்சாங்க?”

“ரெண்டு பேருங்கய்யா. நான் படிக்கலை.”

அதிகாரி பேனாவை மூடிப் பையில் செருகினார். “தப்பா எழுதிக் கொடுத்தது முதல்ல நாங்க. அந்தக் கதவை இன்னைக்கே மாட்டச் சொல்றேன், போங்க” என்றார். அமைச்சர் தாழ்வாரத்தில் கடந்து போகும்போது மெல்லச் சொன்னார்: “பொண்ணு பொறந்திருக்குன்னு சீட்டைக் கொடுத்துட்டியேம்மா! வீட்டுக்காரி கேட்டா நான் என்னன்னு சொல்றது?” அவருக்கும் சிரிப்புத்தான்.

நன்றி சொல்லவேண்டியவர் மட்டும் அகப்படவில்லை. அக்கா படியில் ஓடி இறங்கிப் பார்த்தபோது அவருடைய கார் மருத்துவமனைக்குப் போய்விட்டிருந்தது. வீட்டில் கணவரிடம் எல்லாவற்றையும் சொன்னார். எதற்கும் கேலி பேசுகிற மனிதர் அன்று நாற்காலியை அருகே இழுத்துப் போட்டுக்கொண்டு கேட்டார். கடைசியில், “அந்த மனுஷன் குடும்பத்தோட நல்லா இருக்கணும்” என்றார். அதுவரை அடக்கி வைத்திருந்த அழுகை தபாலக்காவுக்கு அப்போதுதான் வந்தது. வேலை தப்பியதற்காக மட்டும் அழவில்லை. தினமும் சுவரோரமாக வளைந்து போகிற தன்னை ஒரு மனிதர் நிமிர்ந்து பார்த்து, தனக்காகத் தன் பேச்சையே நிறுத்தினாரே, அதற்காகவும்தான்.

இரண்டு நாள் கழித்து, பக்கத்து இருக்கைக்காரர் அக்காவிடமே வந்து பொருமினார். “சும்மா உட்கார்ந்திருந்தா அன்னைக்கு அமைச்சர் தொலைஞ்சிருப்பாரு. ஏன்யா விட்டேன்னு கேட்டா, ‘எனக்கு அவரு விழணும்னு இல்ல, பாலம் நிக்கணும். அந்தம்மா வேலையும் நிக்கணும்’ங்கிறான். இவனை வெச்சுக்கிட்டு நாங்க எப்படிக் கட்சி நடத்துறது?”

ஐந்தாம் நாள் பாலத்துக்காரர் அவைக்கு வந்தார். தாடி கூடச் சரியாக மழிக்கவில்லை. முகம் மட்டும் ஒரே சிரிப்பு. அவருக்குச் சொல்லவேண்டிய வார்த்தைகளைத் தபாலக்கா நான்கு நாளாகப் பேருந்தில் கோத்துக் கோத்து வைத்திருந்தார். ஆனால் காலையில் தாழ்வாரத்தில் அவரைச் சுற்றிக் கூட்டம். உள்ளே போனால் பேசக்கூடாது.

பதினொரு மணிக்குத் தொலைபேசி அறையிலிருந்து அவருக்கு ஒரு சீட்டு வந்தது. விளிம்போடு விளிம்பு சேர்த்து மடித்த, சாதாரணமான வீட்டுச் சீட்டு. இடது பை. வலது பையில் மூன்று அமைச்சர்களின் சீட்டுகள். சரிசெய்த நூலகத்துக் கதவு வழியாக உள்ளே வந்து, யாரோ பேசிக்கொண்டிருந்ததால் கடைசி வரிசையைச் சுற்றி, அவர் மேசைக்குப் போய்ச் சேர்ந்தார். பாலத்துக்காரர் ஏதோ காகிதத்தைப் படித்தபடி, நிமிராமலே கையை நீட்டினார்.

தபாலக்கா வலது பையைப் பொத்தியிருந்த கையை எடுத்தார். முதுகை வளைக்காமல் நிமிர்ந்து நின்று, சீட்டை இரண்டு கைகளாலும் அவரிடம் நீட்டினார்.