நடுவில் ஒரு ‘அ’

போன மாசம் ஒரு ஞாயிற்றுக்கிழமை விருதுநகரில் ஒரு கல்யாண மண்டப மேடையில் சாம்பா ஆடினேன். நானேதான்! சிரிக்கிறவர்கள் சிரித்துவிட்டு வாருங்கள்... காத்திருக்கிறேன்.

சாம்பா என்பது ஜோடியாகக் கைகோத்து ஆடுகிற வெளிநாட்டு ஆட்டம். மேடை ஏறும்போது எனக்கு ஜோடி இருந்தது. இறங்கும்போது தனியாக இறங்கினேன். இந்த வாரம் அதைத்தான் சொல்ல வேண்டும்.

சர்க்கரைக்கு நடக்கச் சொன்னார் டாக்டர். எங்கள் தெருவில் லோடு வண்டிக்கு ஒதுங்கி நிற்பதிலேயே பாதி நேரம் போய்விடும், எங்கே நடப்பது? அப்போதுதான் சிவகாசியில் ஒரு பிரஸ்ஸின் மாடியில் ஜெனி டீச்சர் டான்ஸ் கிளாஸ் ஆரம்பித்தார். வயதானவர்களுக்குச் சாயங்காலம் தனி வகுப்பு. சேர்ந்துவிட்டேன்.

வீட்டுக்காரர் ஸ்கூட்டரில் கொண்டுவந்து விட்டு, முடியும்வரை பெஞ்சில் உட்கார்ந்திருப்பார். வேறொரு பிரஸ்ஸில் மிசின் ஓட்டி ரிட்டயர் ஆனவர். பேச்சு கம்மி. உங்களுக்கு அவரைத் தெரியாதா என்ன? ‘கல்லுளிமங்கன்’ என்று இந்தப் பக்கத்தில் எத்தனை தடவை எழுதியிருக்கிறேன்! நாலு தரம் கூப்பிட்டால் ஒரு தரம் திரும்புவார் என்று எழுதிய வாரம், என்னைப் பார்க்கும்போதெல்லாம் அதைச் சொல்லித்தானே சிரித்தீர்கள்?

முதல் நாள் டீச்சர் போர்டில் எழுதினார்: 1 அ 2.

“ஒண்ணுக்கும் ரெண்டுக்கும் நடுவுல குட்டியா ஒரு ‘அ’ இருக்கும்மா. அதுக்குக் கொஞ்சூண்டுதான் நேரம். ஆனா அத முழுங்கிட்டா ஆட்டமே இல்ல. முட்டி லேசா மடங்கி எந்திரிக்கணும். ஒண்ணு — அ — ரெண்டு!”

“ஆனா ஆவன்னாகூடத் தெரியாதவளா டீச்சர் நானு?” என்றேன்.

மூன்றாம் வகுப்போடு தீப்பெட்டி ஆபீசுக்கு லேபிள் ஒட்டப் போனவள்தான். அதற்காக ‘அ’ தெரியாமல் போகுமா?

தாளில் தெரிந்தது. காலில் வரவில்லை. ‘ஒண்ணு’வில் சாவகாசமாக நின்றுவிடுவேன். நிமிர்ந்து பார்த்தால் ‘அ’ போய், ‘ரெண்டு’ம் போயிருக்கும்.

ஒருநாள் ஜோடிக்கு ஆள் குறைந்தது. டீச்சர் பெஞ்சைப் பார்த்துக் கையசைத்தார். “ஐயா, நீங்க வாங்களேன்!”

பெண்கள் சிரித்தார்கள். எல்லோரையும்விடச் சத்தமாக நான். “அவுகளா? சாப்பிடக் கூப்பிட்டாலே வர மாட்டாக. ஆடக் கூப்பிட்டா வந்துருவாகளாக்கும்!”

வந்தார். செருப்பைக் கழற்றிப் போட்டுவிட்டு, வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு... ஆடினார்! முட்டி மடங்கி எழுந்தது. அந்தக் குட்டி ‘அ’ வரும்போது என் உள்ளங்கையில் விரலால் ஓர் அழுத்து. அந்த அழுத்தில் என் காலும் தானாக நகர்ந்தது.

“ஐயா, எங்க கத்துக்கிட்டீங்க?” டீச்சருக்கு வாய் மூடவில்லை.

அவர் சிரித்ததோடு சரி. பதில் சொல்லிவிட்டால் அவர் எப்படிக் கல்லுளிமங்கன்?

அப்போது கீழே பிரஸ்ஸில் காலண்டர் அடிக்கிற சீசன். மிசின் நிற்காமல் ஓடியது. மாடித் தரையே அதிரும். தடக்... தடக்... நடுவில் தாளை இழுக்கிற சின்னதாய் ஒரு ‘சுக்’. அதோடு பாட்டு மோதக் கூடாதே என்று டீச்சர் பாட்டின் வேகத்தையே மிசினுக்குத் தக்கபடி வைத்திருந்தார். இதெல்லாம் எனக்கு இன்றைக்குப் புரிகிறது. அன்றைக்கு என் ஜோடியைப் போல யாருக்கு வாய்க்கும் என்ற கர்வம் மட்டும்தான் இருந்தது.

விருதுநகர் மண்டபத்தில் டான்ஸ் கிளாஸ் ஆண்டு விழா வந்தது. சம்பந்தியம்மாவை வரச் சொல்லி முன்வரிசையில் உட்கார வைத்தேன். ‘இந்த வயசுல ஆட்டமா மதினி?’ என்று கேட்டவர். அவர் பார்க்க வேண்டாமா?

பாட்டு ஆரம்பித்தது. வீட்டுக்காரர் கை என் கையில். ஆனால் ஆள் அசையவில்லை. தரையைப் பார்க்கிறார். வெறுங்காலைப் பலகையில் அழுத்தி அழுத்தி எதையோ தேடுகிறார்.

“ஆடுங்க...” பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னேன்.

என் வாயைப் பார்த்தார். “மிசின் ஓடலையே புள்ள...” என்றார்.

மண்டபத்தில் ஏது மிசின்? மேடையைக் கண்ட பயத்தில் மனிதருக்குப் புத்தி தடுமாறிவிட்டது என்று நினைத்தேன். எதிரே சம்பந்தியம்மா போனைத் தூக்கிப் பிடித்துப் படம் எடுக்கிறார். எனக்கு என் மானம் பெரிதாகப் போயிற்று. கையை விட்டேன். தனியாக ஆடினேன்.

கை தட்டினார்கள். திரும்பிப் பார்த்தால் அவர் இல்லை.

“மதினி, ஜம்முனு ஆடுனீக போங்க! அண்ணாச்சிதான் பொம்ம கணக்கா நின்னுட்டு எறங்கிப் போயிட்டாக” என்றார் சம்பந்தியம்மா.

“அவுக எப்பவுமே அப்படித்தான்” என்றேன். சிரித்துக்கொண்டே சொன்னேன்.

வீட்டுக்கு வந்து சேர்ந்தோம். அவர் குனிந்து செருப்பைக் கழற்றிக்கொண்டிருந்தார். பின்னாலிருந்து, “அது என்ன மிசினு?” என்று கேட்டேன். திரும்பவில்லை. மறுபடி கேட்டேன். திரும்பவில்லை. வழக்கமாக இந்த இடத்தில் கத்துவேன். அன்றைக்கு ஏனோ... எதிரே போய் நின்று கேட்டேன்.

“காது போயி ரொம்ப வருசம் ஆச்சு” என்றார். “நேரா நின்னு பேசுனா வாயப் பாத்துப் புரிஞ்சுக்கிருவேன். மிசினக் கால்ல கேப்பேன். மாடியில ஆடுனதும் அப்படித்தான். பாட்டு எனக்கு எங்கன கேட்டுச்சு?”

“எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லலையே நீங்க!”

“வேலையில இருக்கையில சொன்னா நிப்பாட்டிருவாக. பெறகு...” கொஞ்சம் யோசித்தார். “நீ கேக்கல.”

நீ கேக்கல. நம் பேச்சில் அதற்கு இரண்டு அர்த்தம், இல்லையா? காது கேட்காதவர் அவர். இத்தனை வருஷமாக ஒரு வார்த்தை கேட்காமல் இருந்தவள் நான்.

வீட்டுக்கு வீடு இதுதானே நடக்கிறது? கூட இருக்கிற மனிதர்மேல் ஒரு லேபிளை ஒட்டிவிடுகிறோம். சோம்பேறி... சிடுமூஞ்சி... கல்லுளிமங்கன். ஒட்டின பிறகு பெட்டியைத் திறந்து பார்ப்பதே இல்லை. ஒட்டுகிற வேலையில் நான் கைதேர்ந்தவள் வேறு!

மேடையில் அவர் கையை விடுவதற்கு முன்னால் எனக்குக் கொஞ்சூண்டு நேரம் இருந்தது. அவர் உள்ளங்கையில் ஓர் அழுத்து... அது போதும், அவர் கால் தாளத்தைப் பிடித்துக்கொண்டிருக்கும். அவர் எனக்கு அன்றாடம் செய்ததுதான். அந்த ‘அ’வை முழுங்கிவிட்டேன்.

காலண்டர் சீசன் முடிந்துவிட்டது. கீழே மிசின் நிற்கிறது. “வாங்க, நான் கையில தட்டித் தாரேன்” என்று சொல்லிப் பார்த்தேன். “நீ போயிட்டு வா” என்கிறார். காதுக்கு ஒரு மிசின் வாங்கி வைப்போம் என்றேன். “பாப்போம்” என்கிறார். என்னை வாசலில் இறக்கிவிட்டு ஸ்கூட்டரைத் திருப்பிக்கொண்டு போய்விடுகிறார். இப்போதெல்லாம் பெஞ்சில்கூட உட்காருவதில்லை.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். நான் கோணல்மாணலாக எழுதுவதைப் பிழை திருத்தி, நல்ல தாளில் எழுதிப் பத்திரிகைக்கு அனுப்புகிறவர் அவர்தான். ‘கல்லுளிமங்கன்’ என்று எழுதும்போதெல்லாம் எனக்கு எந்த ‘ளி’ என்று தடுமாறும். அதையும் ஒவ்வொரு தடவையும் திருத்தி அனுப்பினார். ஒரு தடவைகூட அந்த வார்த்தையை அடித்துவிடவில்லை.

இதையும் அவர்தான் திருத்த வேண்டும். இங்காருங்க... மற்ற பிழையெல்லாம் திருத்திக்கோங்க. மேடையில் கையை விட்டேன் என்று எழுதியிருக்கிறேன் பாருங்க, அந்த இடத்தை மட்டும் தொடாதீங்க.

அது எழுத்துப் பிழை இல்லை.