குதிரையேற்றம் தெரியும் என்று எழுதியிருந்தது

மே மாதம் வந்தால் என் போன் அடங்குவதில்லை. பிளஸ் டூ முடித்த பிள்ளைகள் கூப்பிடுகிறார்கள். அவர்களைவிட அதிகமாக அவர்களுடைய அம்மாக்கள் கூப்பிடுகிறார்கள். வெளிமாநிலத்தில் இருக்கும் அந்தத் தனியார் பல்கலைக்கழகத்தைப் பற்றித்தான் கேள்வி. நிறையப் பேர் விண்ணப்பம் போட்டு, கொஞ்சம் பேரை மட்டும் எடுக்கிற இடம் அது. ஹாஸ்டல் எப்படி, சாப்பாடு எப்படி, வேலை கிடைக்குமா என்று கேட்கிறார்கள். அதெல்லாம் அவர்கள் வெப்சைட்டிலேயே கலர் போட்டோவோடு இருக்கிறது. அதில் இல்லாதது ஒன்று எனக்குத் தெரியும். அது எப்படித் தெரிந்தது என்று இங்கே எழுதிவிடுகிறேன். படித்துவிட்டு அப்புறம் போன் பண்ணுங்கள்.

செஞ்சியில் யாரும் தன் விண்ணப்பத்தைத் தானே போடுவதில்லை. ரேஷன் கார்டில் பேர் சேர்க்க வேண்டுமா, பட்டா மாற்ற வேண்டுமா, சாதிச் சான்றிதழ் வேண்டுமா, நேராக பிரவுசிங் சென்டருக்குப் போவோம். காலேஜுக்கும் அப்படித்தான். பேரைச் சொல்வோம், மார்க் ஷீட்டை நீட்டுவோம், அவர் தட்டுவார், நாம் பின்னால் நின்றுகொண்டு ஸ்கிரீனைப் பார்ப்போம். நானும் அப்படித்தான் போனேன். பள்ளிக்கூட நோட்டீஸ் போர்டில் அந்தப் பல்கலைக்கழகத்தின் தாள் ஒன்று ஒட்டியிருந்தது. குடும்ப வருமானம் குறைவாக இருந்தால் படிப்பு, தங்குவது எல்லாம் இலவசம் என்று அதில் இருந்தது. எனக்குப் பொருளாதாரம் படிக்க வேண்டும், கணக்கோடு சேர்த்துப் படிக்க வேண்டும். பக்கத்துக் கல்லூரிகளில் அப்படி ஒன்று இல்லை. இருக்கிற ஊர்களில் பணம் கட்ட எங்களால் முடியாது. ஆக எனக்கு இருந்தது அந்த ஒரு தாள்தான்.

கோட்டைக்குப் போகிற ரோட்டில் இருந்தது அந்த சென்டர். அதை நடத்தின அண்ணா நல்ல மனுஷன். ஆனால் எல்லாருடைய விண்ணப்பத்திலும் தன்னுடைய மெயில் ஐடியையும் தன்னுடைய போன் நம்பரையும்தான் போடுவார். கேட்டால் காரணம் சொல்வார்.

"இன்னா பாப்பா, ஓடிபி வர நேரத்துல உங்க நைனாவ எங்க போயி தேடறது? என் நம்பர் போட்டா வேல முடிஞ்சிச்சி."

சரியென்றுதான் பட்டது. விண்ணப்பத்தில் ஓரிடத்தில் 'உன்னைப் பற்றி எழுது' என்று பெரிய கட்டம் வந்தது. அண்ணா சிரித்தார். "இதுக்குன்னே ஒன்னு வச்சிருக்கேன்" என்று எங்கிருந்தோ ஒரு பக்க இங்கிலீஷை எடுத்து அப்படியே ஒட்டினார். "படிச்சுப் பாக்கறியா?" என்று கேட்டார். பின்னால் பெரிய வரிசை. வேண்டாம் என்றேன். கடைசியில் 'இது என் சொந்த எழுத்து' என்று ஒரு சின்னக் கட்டம் இருந்தது. அவர் டிக் போட்டார். நான் பார்த்துக்கொண்டு நின்றேன்.

பரீட்சை முடிந்த பிறகு ஒரு நாள் சாதிச் சான்றிதழ் பிரிண்ட் எடுக்க அங்கே போனேன். அண்ணா தன் மெயிலில் அதைத் தேடிக்கொண்டிருந்தார். கரண்ட் பில் ரசீது, பஸ் டிக்கெட், யாரோ ஒருவருடைய கல்யாணப் பத்திரிகை என்று ஓடிக்கொண்டிருந்த வரிசையில் அந்தப் பல்கலைக்கழகத்தின் பேர் இருந்தது.

"இது இன்னாண்ணா?"

"அதுவா, வெளம்பரம். தனியார் காலேஜ்காரன் டெய்லி அனுப்பறான்."

"தெறங்க."

திறந்தார். நேர்காணலுக்கு என்னைத் தேர்ந்தெடுத்திருக்கிறார்கள். வீடியோவில் பேச வேண்டும். மெயில் வந்து இரண்டு வாரம் ஆகியிருந்தது. ஞாபகப்படுத்தி இன்னும் இரண்டு மெயில் போட்டிருந்தார்கள். நேர்காணல் மறுநாள் காலை பதினொன்றரைக்கு.

நான் கத்தினேன். நன்றாகவே கத்தினேன். "யாரு உங்கள உங்க ஐடிய போடச் சொன்னா?" என்றேன்.

"உங்கிட்ட ஐடி இருந்துச்சா?" என்று அவர் திருப்பிக் கேட்டார்.

இல்லை. அதுதான் எனக்கு இன்னும் கோபத்தைக் கிளப்பியது. பின்னால் நின்றிருந்த ஒரு அம்மா, "சண்டைய அப்பறம் போடும்மா, மொதல்ல அவரு எனக்கு ரெண்டு ஆதார் ஜெராக்ஸ் எடுத்துக் குடுக்கட்டும்" என்றது. அண்ணா எடுத்துக் கொடுத்தார். அப்புறம் என் பக்கம் திரும்பி, "உங்க தெருவுல சிக்னல் நிக்காது. நாளைக்கு இங்கியே வந்து பேசு, நான் கடைய பாதி சாத்தறேன்" என்றார்.

அன்றைக்கு முழுவதும் நான் பொது அறிவு படித்தேன். எந்த மாநிலத்துக்கு எது தலைநகரம், எந்த வருஷம் எது நடந்தது என்று மனப்பாடம் செய்தேன். நேர்காணல் என்றால் அதைத்தான் கேட்பார்கள் என்று எங்கள் பக்கத்தில் எல்லாருக்கும் நினைப்பு. என் பேரில் போயிருந்த அந்த ஒரு பக்கத்தை ஒரு தடவை படித்துப் பார்க்கலாம் என்று எனக்குத் தோன்றவே இல்லை.

மறுநாள் அண்ணா ஷட்டரைப் பாதி இறக்கினார். ஜெராக்ஸ் மெஷினை நிறுத்தினார். ஸ்கிரீனில் இரண்டு பேர் வந்தார்கள், வயதான ஒரு பேராசிரியை, வயது குறைந்த ஒரு பேராசிரியர். எல்லாம் இங்கிலீஷ். அவர்கள் கேட்டதை நான் தமிழில் எழுதுகிறேன். என் இங்கிலீஷை எழுதப்போவதில்லை. அதைக் கேட்டவர்கள் மூன்று பேர்தான், அப்படியே இருக்கட்டும்.

முதல் கேள்வியை அந்தப் பேராசிரியை கேட்டார். "குதிரையேற்றம் தெரியும் என்று எழுதியிருக்கிறாய். எங்கே கற்றுக்கொண்டாய்?"

நான் அண்ணாவைத் திரும்பிப் பார்த்தேன். அவர் ஃபேனைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"எங்கள் ஊர்க் கோட்டையில் குதிரை லாயம் இருக்கிறது" என்றேன். "குதிரை இல்லை."

அவர் சிரித்துவிட்டார். பக்கத்தில் இருந்தவர் சிரிக்கவில்லை. அப்படியென்றால் இந்தக் கட்டுரை யாருடையது என்று கேட்டார். நான் சொல்லிவிட்டேன். நான் எழுதவில்லை, கடைக்காரர் ஒட்டினார், நான் படிக்கக்கூட இல்லை என்றேன். சொந்த எழுத்து என்று டிக் இருக்கிறதே என்றார். அது தப்புதான் என்றேன். அவர் எதையோ குறித்துக்கொண்டார். முடிந்தது என்று நினைத்தேன். முடிந்ததுதானே என்ற தைரியத்தில், மனதில் இருந்ததையும் கேட்டுவிட்டேன்.

"தன்னைப் பற்றி ஒரு பக்கம் எழுது என்று எங்கள் பள்ளியில் யாரும் சொன்னதே இல்லை. பெரிய ஊர்ப் பிள்ளைகள் எல்லாம் அவர்களே எழுதியதுதானா? அவர்களையும் இப்படிக் கேட்பீர்களா?"

அவர் பேனாவைக் கீழே வைத்தார். "கேட்போம். அதற்குத்தான் இந்த நேர்காணல்" என்றார்.

பேராசிரியை பேச்சை மாற்றினார். பொருளாதாரம் எதற்கு என்று கேட்டார். தலைநகரங்கள் எதுவும் எனக்கு உதவவில்லை. வாயில் வந்ததைச் சொன்னேன். என் நைனா, அதாவது என் அப்பா, நெல் மண்டியில் மூட்டை தூக்குகிறார். லீவு நாளில் அவருக்குச் சாப்பாடு கொண்டுபோவேன். வல்லம் பக்கத்திலிருந்து நெல் வந்து திறந்த களத்தில் குவிந்திருக்கும். காலையில் ஒரு விலை சொல்வார்கள். வானம் மூடிக்கொண்டால் அதே நெல்லுக்கு விலை இறங்கிவிடும். ஒரு சொட்டுகூட விழுந்திருக்காது. நெல் மாறவில்லை, அதன் ஈரமும் மாறவில்லை. விற்காமல் திருப்பி எடுத்துப்போக முடியாது என்ற பயம்தான் வந்திருக்கிறது. நல்ல தார்ப்பாய் வைத்திருப்பவருக்கு மட்டும் விலை அவ்வளவாக இறங்காது, அதையும் பார்த்திருக்கிறேன். தார்ப்பாய்க்கும் நெல் விலைக்கும் நடுவில் என்ன கணக்கு இருக்கிறது என்று எனக்குத் தெரிய வேண்டும்.

இதைச் சொல்லி முடிக்க எனக்கு எவ்வளவு நேரம் ஆனது என்று தெரியாது. நடுவில் ஒரு பெரியவர் ஷட்டருக்குக் கீழே குனிந்து, "கட இருக்குதா?" என்றார். அண்ணா கையை ஆட்டி அவரை அனுப்பினார். ஸ்கிரீனில் இருந்த இரண்டு பேரும் பொறுமையாக இருந்தார்கள். கடைசியில் அந்தச் சிரிக்காதவர்தான் சொன்னார், "இப்போது சொன்னதை ஒரு பக்கம் எழுதி அனுப்பு. நீயே எழுது. இரண்டு நாள் நேரம். சீட் உண்டு என்று இதற்கு அர்த்தமில்லை."

அன்றைக்கே அம்மாவின் போனில் எனக்கென்று ஒரு மெயில் ஐடி திறந்தேன். பதினெட்டு வயசில் செய்ததைப் பதின்மூன்று வயசிலேயே செய்திருக்கலாம். எழுதினேன், அடித்தேன், மறுபடியும் எழுதினேன். எங்கள் இங்கிலீஷ் சாரிடம் காட்டினேன். அவர் அழகாகத் திருத்தி, தார்ப்பாயை எடுத்துவிட்டு 'தேசத்தின் முன்னேற்றம்' என்று போட்டுக் கொடுத்தார். ஸ்பெல்லிங் திருத்தத்தை மட்டும் எடுத்துக்கொண்டேன். சாருக்கு வருத்தம்தான். சென்டரில் உட்கார்ந்து ஒற்றை விரலால் நானே டைப் அடித்தேன். அண்ணா கையைக் கட்டிக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்திருந்தார்.

"குதிரைய எடுத்துட்டியா?"

"எடுத்துட்டேன்."

"ஒரு எருமையாவது போடேன் பாப்பா, காலியா இருக்குது."

அவரோடு மூன்று நாளாகப் பேசாமல் இருந்தவள் அப்போது சிரித்துவிட்டேன்.

மூன்று வாரம் கழித்துப் பதில் வந்தது. என் மெயிலுக்கு வந்தது, நானே திறந்தேன். சீட் உண்டு. படிப்புச் செலவும் ஹாஸ்டல் செலவும் அவர்களுடையது. ஐந்து நாளுக்குள் சம்மதம் சொல்ல வேண்டும்.

அந்தக் கடிதத்தில் இல்லாத சிலதையும் சொல்லிவிடுகிறேன். பொறுக்கி எடுக்கிற இடம் என்று பெருமையாகச் சொல்கிறார்களே, அந்தப் பேரைக் கேள்விப்பட்டவர்களுக்குள்தான் பொறுக்குகிறார்கள். செஞ்சியில் எத்தனை பள்ளிக்கூடத்தில் அந்தத் தாள் ஒட்டியிருந்தது? எனக்கு இதில் இன்னும் கோபம் உண்டு. அங்கே உங்களோடு உட்காரப் போகிற பிள்ளைகளில் பலர் இந்த நேர்காணலுக்கே டியூஷன் போனவர்கள். யாரும் சாதி கேட்க மாட்டார்கள், எந்த ஸ்கூல் என்று கேட்பார்கள். சில நேரம் இரண்டும் ஒரே கேள்விதான். முதல் செமஸ்டரில் வகுப்பில் பாதி புரியாது. நான் ஒரு பேப்பரில் பெயிலே ஆனேன். ஆனால் எழுதச் சொல்லித் தருவதற்கென்றே அங்கே ஆள் வைத்திருக்கிறார்கள். வெட்கப்படாமல் போனால் அவர்கள் முகம் சுளிப்பதில்லை. ரயில் டிக்கெட்டும் லேப்டாப்பும் உதவித்தொகையில் சேராது, அதைத் தனியாகக் கேட்க வேண்டும். கேட்டால் கொடுக்கிறார்கள். வெப்சைட்டில் இல்லாதது என்று சொன்னேனே, அது இதுதான். கேட்காதவருக்கு யாரும் தேடி வந்து கொடுப்பதில்லை. சாம்பாரை மட்டும் யாராலும் ஒன்றும் செய்ய முடியவில்லை.

சம்மதம் சொல்ல வேண்டிய அந்த ஐந்து நாளில் நான்கு நாள் நைனா எப்போதும்போல இருந்தார். மூட்டை தூக்கப் போனார், வந்தார், சாப்பிட்டார். அம்மா மட்டும், "அவருகிட்ட கேட்டுட்டு பண்ணு" என்றது. ஐந்தாம் நாள் காலையில் துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு கிளம்பியவர் வாசலில் நின்றார்.

"அவங்களே பணம் கட்றாங்க."

"ஆமா."

"சோறும் போடறாங்க."

"ஆமா நைனா."

"அதுக்கு நீ இன்னா பண்ணணும்?"

"படிக்கணும்."

"படிச்சிட்டு அவங்ககிட்டயே வேல செய்யணுமா?"

"வேணாம்."

"பாண்டு கீண்டு எழுதி வாங்குவாங்களா?"

"அதெல்லாம் இல்ல. நான் நாலு தடவ படிச்சிட்டேன்."

அவர் நம்பவில்லை. இத்தனை வருஷத்தில் அவருக்கு ஒருத்தரும் சும்மா எதையும் கொடுத்ததில்லை, நம்பாததில் தப்பில்லை. செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்து உட்கார்ந்தார். "படி, கேக்கறேன்" என்றார். நான் ஒவ்வொரு வரியாகப் படித்து அர்த்தம் சொன்னேன். இரண்டு இடத்தில் நிறுத்தி மறுபடியும் சொல்லச் சொன்னார். ஒரு வரிக்கு எனக்கே அர்த்தம் சரியாகத் தெரியவில்லை. தெரியவில்லை என்று சொன்னேன். அவர்களுக்கு மெயில் போட்டுக் கேட்கலாம் என்றேன்.

"கேட்டா கோச்சிக்க மாட்டாங்களா?"

"கோச்சிக்கிட்டா கோச்சிக்கட்டும்."

அவர் முகத்தில் லேசாக ஒரு சிரிப்பு வந்தது. கேட்டேன். பதினோரு மணிக்கெல்லாம் பதில் வந்துவிட்டது. வருஷா வருஷம் வருமானச் சான்றிதழ் கொடுக்க வேண்டும், அவ்வளவுதான் என்றிருந்தது. மண்டிக்கே நடந்து போய் அவரிடம் சொன்னேன். முதுகில் மூட்டையோடு நின்றிருந்தார். இறக்கிவிட்டுக் கேட்கலாம், ஆனால் இறக்கவில்லை.

"அவ்ளோதானா?"

"அவ்ளோதான்."

"அப்ப போ" என்றார். லாரிப் பக்கம் நடந்தார். நான் அங்கேயே நின்று அம்மாவின் போனில் சம்மதம் என்ற பட்டனை அழுத்தினேன்.