ஊர்ப் பேரில் நான் எழுதிய கடிதம்

எண்பதுகளின் நடுவில் எங்கள் ஏரிக்கரைக் குப்பத்துக்குப் பஞ்சாயத்து டிவி வந்தது. அதை வைத்த அறையின் சாவி என்னிடம் இருந்தது. மீனவர் சங்கத்தில் கிளார்க் நான். படித்தவன் என்று கொடுத்தார்கள். அதை இடுப்பில் செருகிக்கொண்டு நான் நடந்த நடை இருக்கிறதே, இப்போது நினைத்தாலும் உடம்பு கூசுகிறது.

செவ்வாய்க்கிழமை சாயந்திரங்களில் ஒரு நகைச்சுவைத் தொடர் போட்டார்கள். பதின்மூன்று வாரம். ஆபீஸ் குமாஸ்தா ஒருவர். இடுப்பில் கொத்துச்சாவி, வருகிறவர்களை எல்லாம் "வரிசையில வாங்க" என்று விரட்டுவார், கடைசியில் தானே அறைக்குள் பூட்டிக்கொண்டு முழிப்பார். அன்றைக்கு மட்டும் ஆம்பளைகள் பாதி பிரித்த வலையை அப்படியே போட்டுவிட்டு ஓடிவருவார்கள். முதல் வாரம் நானும் விழுந்து விழுந்து சிரித்தேன். இரண்டாம் வாரம் கதவைத் திறந்துவிட்டு, வழக்கம்போல "வரிசையில வாங்கப்பா" என்றேன். அவ்வளவுதான், கூட்டம் கொல்லென்று சிரித்தது. அன்றிலிருந்து நான் கொத்துச்சாவி சார்.

எல்லாரையும்விடச் சத்தமாகச் சிரித்தவள் ஜன்னலுக்கு வெளியே நின்றாள். பறி என்கிற ஓலைக்கூடையைப் பல்லில் கடித்துக்கொண்டு, ஏரியில் கையால் தடவி இறால் பிடிக்கிற குடும்பங்கள் ஊர்க்கோடியில் இருந்தன. அவர்களை உள்ளே உட்காரவிட மாட்டோம். ஜன்னலைத் திறந்துவைப்போம், அதையே பெரிய தர்மம் என்று நினைத்துக்கொள்வோம். அவர்களில் எட்டாவது வரை படித்தவள் அவள் ஒருத்திதான். மனைப் பட்டா கேட்டு மனு எழுதி வைத்திருந்தாள். எங்கள் ஊர்ப் பெரியவர் கையெழுத்து மட்டும் பாக்கி. டிவியைப் பார்த்துச் சிரிப்பாள், திரும்பி என்னைப் பார்ப்பாள், மறுபடி சிரிப்பாள். ஊர்க்காரன் சிரித்ததைப் பொறுத்துக்கொண்டேன். இவள் சிரித்தால் பற்றிக்கொண்டு வந்தது.

தொடர் முடிந்தது. ஊர்க்கூட்டத்தில் பெரியவர் என்னைக் கூப்பிட்டார். ஞாயிற்றுக்கிழமைகளில் நேயர் கடிதங்களை டிவியில் படிப்பார்கள்.

"யோவ், நம்ம ஊர் பேர்ல ஒரு லெட்டர் போடு. அந்தாள மறுபடி கூட்டியாரச் சொல்லு."

ஊர்ப் பேரில் போகும் காகிதத்தில் கூட்டம் சொன்னதற்கு மாறாக ஒரு எழுத்து இருக்கக்கூடாது. இருந்தால் எழுதியவனைத் தள்ளிவைத்துவிடுவார்கள். தெரிந்தேதான் எழுதினேன். உழைக்கும் மக்களைக் கேவலப்படுத்தும் இந்தத் தொடரை இனி ஒளிபரப்பக் கூடாது, இப்படிக்கு ஊர்ப் பொதுமக்கள். ஆயிரம் கடிதத்தில் இதையா படிக்கப்போகிறார்கள் என்று ஒரு அலட்சியம்.

படித்தார்கள். ஊர்ப் பேரைத் தெளிவாகச் சொல்லிப் படித்தார்கள். தொடர் மீண்டும் வரும் எண்ணம் இல்லை என்று டிவியில் கடிதம் படித்த அம்மாள் சிரித்துக்கொண்டே சேர்த்துச் சொன்னாள். ஒரு கடிதத்தைப் பார்த்து யாரும் தொடரை நிறுத்தமாட்டார்கள் என்பது இன்றைக்குத் தெரிகிறது. அன்றைக்கு அறை முழுக்க என் பக்கம் திரும்பியது.

"இன்னாய்யா இது?" என்றார் பெரியவர்.

"நான் மறுபடி போடச் சொல்லித்தான் எழுதினேன். இது வேற யாரோ எழுதினது."

"வேற யாருக்கு எழுதத் தெரியும்?" என்றது ஒரு குரல். "மனு எழுதுறாளே, அவதான்."

நான் ஆமாம் என்று சொல்லவில்லை. இல்லை என்றும் சொல்லவில்லை. வாயைத் திறக்காமல் நின்றேன், பாவி. அந்த ஜன்னலை இனித் திறக்கக் கூடாது, மனுவில் கையெழுத்தும் கிடையாது என்று அங்கேயே முடிவானது.

மறுநாள் காலை அவள் சங்கத்துக்கு வந்தாள். ஈரப் புடவை, கையில் பறி.

"சார், நான் எழுதலனு நீங்க ஒரு வார்த்தை சொன்னா பெரியவரு கையெழுத்து போட்டுருவாரு."

"எனக்கு எப்படிம்மா தெரியும்?"

"அந்தாள வாணாம்னு நான் எழுதுவனா சார்? எங்க நைனா செத்துப்போயி ஒரு வருசம் ஆவுது. அந்தாளு இடுப்பத் தடவித் தடவி சாவி தேடறது அப்படியே எங்க நைனா பீடி தேடற மாதிரி இருக்கும். நீங்களும் அப்படித்தான் தேடுவீங்க. அதான் சார், உங்களப் பாத்துப் பாத்து சிரிப்பேன்."

என் கை அப்போதும் இடுப்பில்தான் இருந்தது. சொல்லியிருக்கலாம். அப்போதே எழுந்துபோய்ப் பெரியவர் காலில் விழுந்திருக்கலாம். ஊர் என்னைத் தள்ளிவைத்தால் வேலை என்னாகும், என் பெண்டாட்டி எந்தக் கிணற்றில் தண்ணீர் எடுப்பாள் என்றுதான் புத்தி ஓடியது. "பாக்கலாம், போம்மா" என்றேன். பார்க்கவில்லை. அந்த மனு தாலுகா ஆபீசுக்குப் போகவே இல்லை.

அடுத்த செவ்வாய் வேறு ஏதோ நிகழ்ச்சி. ஊர்க்கோடிப் பிள்ளைகள் விஷயம் தெரியாமல் ஜன்னல் கதவை வெளியிலிருந்தே இழுத்துத் திறந்து தொற்றிக்கொண்டன. அவற்றை அழைத்துப்போக அவளும் வந்திருந்தாள். எல்லாரும் என்னையே பார்த்தார்கள். நான் கம்பிக்கு வெளியே கைவிட்டு, துருப்பிடித்த ஜன்னல் கதவைச் சாத்த வேகமாக இழுத்தேன்.

"பாத்து சார்," என்றாள் அவள், "உங்க கை மாட்டிக்கப் போவுது."