சர்வர் படுத்ததற்கு அம்சா அக்கா என்ன செய்வார்?

இன்று காலை உத்திரமேரூர் பஸ் ஸ்டாண்ட் பக்கத்து கம்ப்யூட்டர் சென்டருக்கு ஒரு பிரிண்ட் எடுக்கப் போனேன். மானாம்பதியிலிருந்து வந்திருந்த அம்சா அக்கா, மகளின் கல்லூரி விண்ணப்பத்தோடு உட்கார்ந்திருந்தார். இன்றுதான் கடைசி நாள்.

சென்டர்காரர் விண்ணப்பத்தை அனுப்பும் பட்டனை அழுத்தியதும் திரையில் வந்தது: "உங்கள் விவரங்கள் தவறு. சரிபார்க்கவும்."

"இன்கம் சர்டிபிகேட்ல ஏதோ தப்பு கீதும்மா. தாலுகா ஆபீஸ் போயி வேற வாங்கினு வா," என்றார் சென்டர்காரர்.

"ரெண்டு நாள் அலைஞ்சி வாங்கினு வந்தேன் நைனா. நான் இன்னா தப்பு பண்ணேன்?" அக்காவின் குரல் உடைந்துவிட்டது.

நான் வெப்சைட் செய்து பிழைப்பவன். சந்தேகப்பட்டு பிரவுசருக்குள் பார்த்தேன். 502 என்ற பிழை எண். அதாவது, சர்வர் படுத்துவிட்டது.

"உங்க மேல ஒரு தப்பும் இல்லக்கா. அவங்க மெஷின்தான் வேலை செய்யல. கொஞ்ச நேரம் இருங்க."

இருபது நிமிடம் கழித்து, ஒரு எழுத்துகூட மாற்றாமல், அதே விண்ணப்பம் போய்ச் சேர்ந்தது.

எந்தப் பிழை வந்தாலும் இந்த ஒரே பக்கத்தைக் காட்டு என்று எவனோ அமைத்துவைத்திருக்கிறான். "கோளாறு எங்களுடையது, சற்றுப் பொறுத்து முயலுங்கள்" என்று இன்னொரு பக்கம் எழுத அவனுக்கு எவ்வளவு நேரம் ஆகியிருக்கும்?

திட்டிக்கொண்டே வீட்டுக்கு வந்து, நான் செய்துகொடுத்த தளங்களைத் திறந்தேன். மூன்றில் நானும் அதே வேலையைத்தான் செய்திருக்கிறேன்.

திருத்திவிட்டேன். கோபம் தீரவில்லை.

உங்கள் தளம் படுத்தால் பழி யார் மேல் விழுகிறது? பார்த்துவிட்டுச் சொல்லுங்கள். தனியாகத் திட்டு வாங்க எனக்கு ஒரு மாதிரி இருக்கிறது.